வெட்டுப்பட்ட ஆந்தை

சந்தேகப்படுவதுதான் என் தொழில். வங்கியின் நகைக்கடன் பிரிவில் அப்ரைசராக உட்கார்ந்து காலம் தள்ளியவன் நான். வருகிற வளையலையும் செயினையும் உரைகல்லில் இழுத்து, அமிலம் விட்டு, எடை போட்டு, இது தேறும், இது தேறாது என்று சொல்லவேண்டும். சொன்னது பொய்த்தால் நஷ்டம் என் தலையில் விடியும். அதனால் எந்த உலோகத்தைப் பார்த்தாலும் அழகைப் பார்ப்பதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் மனசு கேட்கும்.

அந்தப் புத்தியோடு பார்த்தும் என்னைப் பிடித்து நிறுத்தியது பழைய ஏதென்ஸின் வெள்ளி நாணயம். மகன் குடும்பத்தோடு கிரேக்க நாட்டுக்குப் போயிருந்தபோது நாணய அருங்காட்சியகத்தில் அதை நேரில் பார்த்தேன். டிராய் நகரத்தைத் தோண்டிப் புகழ்பெற்ற ஷ்லீமன் குடியிருந்த மாளிகை அது. பேரப்பிள்ளைகளுக்கு அக்ரோபோலிஸ் போகும் அவசரம். எனக்கோ கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர மனசில்லை.

நாணயத்தின் எடை 17.2 கிராம். நம் கணக்கில் இரண்டு பவுனுக்கு மேலே கொஞ்சம். அகலம் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு, தடிமனோ அதிகம். வில்லை என்பதைவிடக் கட்டி என்று சொல்லலாம். ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவி. கவசத்தின் நெற்றியில் மூன்று ஆலிவ் இலைகள், காதில் வட்டத் தோடு, உதட்டில் அடக்கமான ஒரு சிரிப்பு. முகம் பக்கவாட்டில் இருக்க, கண் மட்டும் பாதாம் பருப்பு வடிவில் நேராக நம்மைப் பார்க்கும். மறுபக்கம் சதுரமான பள்ளத்துக்குள் ஓர் ஆந்தை. உடம்பைத் திருப்பிக்கொண்டு, தலையை மட்டும் நம் பக்கம் வைத்து முழிக்கிறது. அதன் பின்னால் ஆலிவ் கொத்து, சின்னதாக ஒரு பிறை. முன்னால் ஏதென்ஸின் பெயரைக் குறிக்கும் மூன்று கிரேக்க எழுத்துகள்.

இதுதான் நான்கு திராக்மா நாணயம். அந்தக் காலத்துச் சந்தையில் இதைச் சும்மா 'ஆந்தை' என்றே சொல்லிவிடுவார்கள். ஆந்தை அலறினால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஏதென்ஸ்காரனுக்கு அது அதீனாவின் பறவை, நல்ல சகுனம். பாரசீகர்களோடு நடந்த சலாமிஸ் கடற்போருக்கு முன்னால் ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்லிஸ் பேசிக்கொண்டிருக்கையில் ஓர் ஆந்தை பறந்து வந்து பாய்மரத்தில் உட்கார்ந்ததாம். அதைப் பார்த்துத்தான் தயங்கியவர்களும் போருக்கு இசைந்தார்கள் என்று ப்ளூட்டார்க் எழுதியிருக்கிறார். நம் மரப்பொந்துகளில் வசிக்கும் புள்ளி ஆந்தைக்கு இது நெருங்கிய சொந்தம். இரண்டையும் விலங்கியலார் 'அதீனி' என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆந்தை அச்சு கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் அப்போதே பெயர்பெற்ற வெள்ளி நாணயங்கள் இருந்தன. ஈஜினா தீவு ஆமையை அடித்தது. கொரிந்த் இறக்கை முளைத்த குதிரையை அடித்தது. அவற்றையெல்லாம் ஏதென்ஸ் முந்தியதற்கு முதல் காரணம் கால்மாட்டிலேயே இருந்த வெள்ளி.

மண்ணுக்கடியில்

ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே கடலோரம் லாவ்ரியோன் மலைப்பகுதி. அங்கே கிடைப்பது வெறும் வெள்ளி அல்ல, வெள்ளி கலந்த ஈயத் தாது. பாறையைக் குடைந்து நூறு மீட்டருக்கும் மேல் ஆழம் போயிருக்கிறார்கள். கீழே பக்கவாட்டில் ஓடும் பாதைகள் பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தவழ்ந்தும் படுத்தும் உளியால் கொத்தவேண்டும். கொத்தியதை மேலே ஏற்றி, உடைத்து, அரைத்து, சாய்வான தளத்தில் தண்ணீர் ஓடவிட்டு அலசுவார்கள். கனமான தாது அடியில் தங்கும். லேசான கல்தூள் அடித்துக்கொண்டு போகும். மழை குறைந்த பூமி என்பதால், ஓடிய தண்ணீரையே தொட்டியில் பிடித்து மறுபடி ஓடவிட்டார்கள். அந்தத் தொட்டிகளும் அலசும் தளங்களும் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன.

அடுத்த வேலை உலையில். தாதுவை உருக்கினால் வெள்ளி கலந்த ஈயம் வரும். அதை மறுபடி காய்ச்சி, துருத்தியால் காற்றை ஊதினால் ஈயம் துருவாக மாறிப் பிரிந்துவிடும். காற்றுக்கு அசையாத வெள்ளி மட்டும் அடியில் மிஞ்சும். நம் ஆசாரிமார் பட்டறையில் வெள்ளியைச் சுத்தம் செய்த பழைய முறையும் இதே தத்துவம்தான். இப்படி எடுத்த வெள்ளியில் அடித்த ஆந்தைகளைச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் 95 சதவீதத்துக்கும் மேல் சுத்தம். இன்று கடையில் 92.5 என்று முத்திரை குத்தி விற்கிற வெள்ளியைவிட மேல்.

அந்த ஈயப் புகையைச் சுவாசித்தவர்கள், பாறையைக் கொத்தியவர்கள் எல்லாரும் பெரும்பாலும் அடிமைகள். நிக்கியஸ் என்ற பெரும் செல்வர், பிற்காலத்தில் ஏதென்ஸின் தளபதி, ஆயிரம் அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார் என்கிறார் அந்தக் காலத்து எழுத்தாளர் ஸெனஃபோன். ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் வாடகை. ஆறு ஓபோல் ஒரு திராக்மா; ஆறாயிரம் திராக்மா ஒரு தாலந்து, அதாவது சுமார் 26 கிலோ வெள்ளி. கணக்குப் போட்டால் 36 நாளைக்கு ஒரு தாலந்து நிக்கியஸ் வீட்டுக்கு வந்து சேரும். குத்தகையில் ஒரு நிபந்தனையும் உண்டு: ஆயிரம் என்ற எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்வது வாடகைக்கு எடுத்தவன் பொறுப்பு. உள்ளே என்ன நடந்திருக்கும் என்று அந்த ஒரு நிபந்தனையே சொல்லிவிடுகிறது.

தலைக்கு இரண்டரை ஆந்தை

கி.மு. 483 வாக்கில் லாவ்ரியோனில் வளமான புதுத் தாதுப்படுகை ஒன்று அகப்பட்டது. அரசுக்கு நூறு தாலந்து சேர்ந்தது என்கிறது அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல். கிடைத்த பணத்தைக் குடிமக்களுக்கு ஆளுக்குப் பத்து திராக்மா வீதம் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. அதாவது தலைக்கு இரண்டரை ஆந்தை. தெமிஸ்டோக்லிஸ் எழுந்து, பிரிக்கவேண்டாம், ஈஜினாவோடு சண்டை இருக்கிறது, போர்க்கப்பல் கட்டுவோம் என்றார். சபை ஒத்துக்கொண்டது. இருநூறு கப்பல் என்று ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். மூன்றே வருஷத்தில், கி.மு. 480இல், பாரசீகப் பேரரசின் கடற்படையை சலாமிஸ் ஜலசந்தியில் அடித்து நொறுக்கிய கிரேக்க அணியில் பெரும்பங்கு அந்தக் கப்பல்களுக்கு. கைக்கு எட்டிய காசை வேண்டாம் என்று ஒரு சபை சொன்னதற்குச் சரித்திரத்தில் இவ்வளவு பெரிய பலன் கிடைத்த உதாரணம் வேறு எனக்குத் தெரியாது.

அதன் பிறகு ஏதென்ஸ் தலைமையில் கடலோர நகரங்களின் கூட்டணி உருவானது. கூட்டாளிகள் கட்டிய கப்பம் முதலில் டெலோஸ் தீவில் இருந்தது. கி.மு. 454இல் அந்தக் கஜானாவே ஏதென்ஸுக்கு இடம்பெயர்ந்தது. கூட்டாளி என்ற பெயர் மட்டும் மிச்சம், நடத்தை எஜமானுடையது. ஒரு கட்டத்தில் கூட்டாளி நகரங்கள் எல்லாம் ஏதென்ஸின் நாணயம், எடை, அளவைகளையே பயன்படுத்தவேண்டும் என்றுகூட ஆணை போட்டார்கள். அதன் கல்வெட்டுத் துண்டுகள் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன. ஸ்பார்ட்டாவோடு பெரும்போர் மூண்ட கி.மு. 431இல் அக்ரோபோலிஸ் குன்றின்மேல் நாணயமாக அடித்த வெள்ளி மட்டும் 6,000 தாலந்து இருப்பதாக ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் சபையில் அறிவித்தார். 90 லட்சம் ஆந்தைகளின் மதிப்பு. எடையில் சுமார் 155 டன்.

இத்தனையும் கையால் அடித்தது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். அதீனாவின் முகம் வெட்டிய அச்சு அடைகல்லில் பதிந்திருக்கும். எடை பார்த்த வெள்ளிக் கட்டியை அதன்மேல் வைத்து, ஆந்தை வெட்டிய உளியச்சை மேலே பிடித்து, சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு. கட்டி சற்று விலகினால் தேவியின் கவசத்தில் உள்ள கொண்டை விளிம்புக்கு வெளியே போய்விடும். கொண்டை முழுசாக விழுந்த நாணயத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நேரம் இல்லை, போர் நடக்கிறது, சம்பளம் கொடுக்கவேண்டும்.

சம்பளக் கணக்கும் நாணயத்தோடு பொருந்தி வரும். ஒரு போர்க்கப்பலில் 200 பேர். ஆளுக்கு நாளுக்கு ஒரு திராக்மா என்றால், முப்பது நாளைக்கு ஒரு கப்பலுக்குச் சரியாக ஒரு தாலந்து. எரெக்தியோன் கோயில் கட்டியபோது எழுதிவைத்த கணக்குக் கல்வெட்டுகளிலும் தச்சனுக்கும் கல்தச்சனுக்கும் நாளுக்கு ஒரு திராக்மா கூலிதான் திரும்பத் திரும்ப வருகிறது. குடிமகன், வெளியூரான், அடிமை எல்லாருக்கும் ஒரே கூலி. அடிமையின் கூலி அவன் எஜமானுக்குப் போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

சில்லறை ரொம்பச் சிறிசு. ஓர் ஓபோல் முக்கால் கிராம்கூட இல்லை. அதற்கும் கீழே அரை, கால் என்று உண்டு. கிரேக்கர்களின் உடையில் பை கிடையாது. அதனால் சில்லறையை வாயில், கன்னத்தில் அடக்கிக்கொண்டு போவார்கள். அரிஸ்டோஃபனிஸின் 'குளவிகள்' நாடகத்தில் நீதிமன்றத்தில் அமரும் கிழவர் ஒருவர் புலம்புகிறார். அவருக்கும் இன்னொருவருக்கும் சேர்த்து ஒரு திராக்மா கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கு மூன்று ஓபோல். கூட இருந்தவன் மீன் கடையில் சில்லறை மாற்றுவதாகச் சொல்லிப்போய், மூன்று மீன் செதிலைக் கிழவர் கையில் வைத்துவிட்டான். கிழவர் காசு என்று வாயில் போட்டு, நாற்றம் தாங்காமல் துப்பினாராம். தொழில்முறையில் சொல்கிறேன், கள்ளக்காசைக் கண்டுபிடிக்க அதைவிட விரைவான சோதனை கிடையாது.

செம்பு வெள்ளி முலாம் பூசிக்கொண்ட காலம்

கி.மு. 413இல் இரண்டு அடிகள் ஒன்றாக விழுந்தன. சிசிலிக்குப் போன ஏதென்ஸ் படை, தளபதி நிக்கியஸ் உட்பட, அழிந்தது. உள்ளூரில் ஸ்பார்ட்டா டெகெலியாவில் கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனார்கள் என்று துசிடிடிஸ் எழுதுகிறார். சுரங்கம் படுத்தது. சில வருஷத்தில், வெற்றித் தேவதையின் பொன் சிலைகளையே உருக்கிப் பொற்காசு அடிக்கும் நிலை. கி.மு. 406 வாக்கில் உள்ளே செம்பு, மேலே மெல்லிய வெள்ளித் தகடு என்று அரசே நாணயம் அடித்தது.

முலாம் எங்கே காட்டிக்கொடுக்கும் என்று எந்த அப்ரைசரையும் கேளுங்கள். செம்பின் அடர்த்தி வெள்ளியைவிடக் குறைவு. அதே அளவில் செய்தால் எடை குறையும். எடையைச் சரிக்கட்டினால் அளவு தடிக்கும். விளிம்பு தேய்ந்ததும் சிவப்பு எட்டிப்பார்க்கும். ஏதென்ஸ் மக்களுக்கும் இது தெரியாமல் இல்லை. கி.மு. 405இல் மேடையேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்டோஃபனிஸ், நல்ல பழைய நாணயத்தை ஒதுக்கிவிட்டு நேற்று அடித்த மட்டமான செம்பைப் புழங்குகிற ஊர், நல்ல மனிதர்களையும் அப்படித்தான் ஒதுக்குகிறது என்று சாடினார். பிறகு ஒருநாள் செம்பு செல்லாது என்று அறிவித்தார்கள். அவருடைய இன்னொரு நாடகத்தில் ஒருவன் திராட்சை விற்ற செம்புக்காசை வாய் நிறைய அடக்கிக்கொண்டு மாவு வாங்கப் போகிறான். பையை நீட்டும் நேரத்தில் முரசறைகிறவன் கத்துகிறான், இனி வெள்ளி மட்டும்தான் என்று.

போரில் ஏதென்ஸ் தோற்ற பிறகும் ஊரெங்கும் புழங்கியது அதன் பழைய வெள்ளிதான். ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர், கொள்ளையடித்த பணத்தை மூட்டை மூட்டையாகக் கட்டி, சிசிலியில் நிக்கியஸைத் தோற்கடித்த கிலிப்போஸ் பொறுப்பில் ஊருக்கு அனுப்பினார். கிலிப்போஸ் மூட்டைகளின் அடித்தையலைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கணிசமாக எடுத்துக்கொண்டு, மறுபடி தைத்துவிட்டார். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் தொகை எழுதிய சீட்டு இருந்தது அவருக்குத் தெரியாது. ஸ்பார்ட்டா அதிகாரிகள் எண்ணிப் பார்த்தார்கள், சீட்டோடு ஒத்துவரவில்லை. எப்படி என்று குழம்பியபோது கிலிப்போஸின் வேலைக்காரன் விடுகதை மாதிரி ஒரு வார்த்தை சொன்னான்: ஓட்டுக்கடியில் நிறைய ஆந்தைகள் தூங்குகின்றன. கூரையைப் பிரித்தார்கள். மாவீரர் என்று பெயரெடுத்தவர் ஊரைவிட்டே ஓடவேண்டியதாயிற்று. திருடனைக் காட்டிக்கொடுக்க 'ஆந்தை' என்ற ஒரு சொல் போதும் என்கிற அளவுக்கு ஏதென்ஸ் காசு எதிரியின் ஊரிலும் தெரிந்த முகம்.

மேசைகளுக்கு நடுவே ஓர் அடிமை

எனக்கு மிக நெருக்கமான பகுதி இதற்குப் பின்னால் வருகிறது. 1970இல் ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலில் அமெரிக்க அகழாய்வாளர்கள் ஒரு சலவைக்கல் பலகையைக் கண்டெடுத்தார்கள். கி.மு. 375/374இல் நிகோஃபோன் என்பவர் முன்மொழிந்த சட்டம் அதில் வெட்டியிருக்கிறது. படித்தபோது என் வேலை நியமன உத்தரவைப் படிப்பது போலவே இருந்தது.

சட்டம் சொல்வது இது. அரசுக்குச் சொந்தமான அடிமை ஒருவன், நாணயம் சோதிப்பவன், நாள்தோறும் சந்தையில் பணமாற்று மேசைகளுக்கு நடுவே உட்காரவேண்டும். யார் காசு கொண்டுவந்தாலும் சோதிக்கவேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அந்த இடத்திலேயே குறுக்கே வெட்டிவிடவேண்டும். வெட்டியது தெய்வங்களின் அன்னைக்குச் சொந்தம், உரியவனுக்குத் திரும்பாது. வேற்றூரில் அடித்த ஆந்தை, ஆனால் வெள்ளி நல்லது என்றால், கொண்டுவந்தவனிடமே கொடுத்துவிடலாம். நல்லது என்று சோதிப்பவன் சொன்ன காசை வாங்கமாட்டேன் என்கிற வியாபாரியின் அன்றைய சரக்கு பறிமுதல். பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் வியாபாரிகளுக்காக இன்னொரு சோதகன். அவன் சம்பளம் நாணயச்சாலை ஆட்கள் வாங்குகிற அதே நிதியிலிருந்து. சோதகன் வேலைக்கு உட்காரவில்லை, அல்லது சட்டப்படி சோதிக்கவில்லை என்றால் அவனுக்கு ஐம்பது சவுக்கடி.

சுரங்கத்தில் அடிமை வெட்டி எடுத்த வெள்ளியை, சந்தையில் இன்னோர் அடிமை உட்கார்ந்து நல்லது கெட்டது சொல்கிறான். அவன் வாய்ச்சொல்லுக்குச் சுதந்திரமான குடிமகன் கட்டுப்படவேண்டும். தப்பினால் முதுகுத்தோல் உரியும். ஆந்தையின் மதிப்பு வெள்ளியின் சுத்தத்தில் பாதி என்றால், மறுபாதி இந்த மனிதனின் முதுகில் இருந்தது. செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய அனுபவத்தில் ஏதென்ஸ் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்: நல்ல காசு அடித்தால் மட்டும் போதாது, கெட்டதைக் கண்டுபிடிக்க ஆள் போட்டு, அந்த ஆளுக்கு அதிகாரமும் கொடுக்கவேண்டும்.

வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. கெட்டி முலாம் பூசிய நகை உரைகல்லை ஏமாற்றிவிடும்; மேல் தகடு மட்டுமே கல்லில் படும். சந்தேகம் வந்தால் அரத்தால் ஓர் ஓரத்தில் ஆழமாக அறுத்துப் பார்ப்போம். "சார், சார், மெல்ல. பொண்ணுக்குப் போட்ட நகை" என்று எதிரே இருப்பவர் பதறுவார். ஏதென்ஸுக்கு வெளியே, ஆந்தையை எடை வெள்ளியாகப் பார்த்த எகிப்திலும் மேற்காசிய ஊர்களிலும் வியாபாரிகள் இதையேதான் செய்தார்கள். உளியை வைத்து ஒரு தட்டு. அந்தப் பிரதேசங்களில் கிடைத்த ஆந்தைகள் பலவற்றில், தேவியின் கன்னத்திலோ ஆந்தையின் மேலோ குறுக்கே ஆழமான பிளவு. உள்ளேயும் வெள்ளி என்று தெரிந்ததும் காசு மறுபடி கைமாறியது.

ஆந்தையின் நற்பெயர் இவ்வளவு தூரம் போனதற்கு ஸெனஃபோன் ஒரு காரணம் சொல்கிறார். வேறு பல ஊர்களில் சரக்கை விற்ற வியாபாரி, கப்பலில் அந்த ஊர்ச் சரக்கையே ஏற்றிக்கொண்டு திரும்பவேண்டும். அந்த ஊர்க் காசு வெளியே செல்லாது. ஏதென்ஸில் விற்றவன் வெள்ளியையே ஏற்றிக்கொண்டு போகலாம், எங்கே போனாலும் லாபம். எகிப்திலும் காஸா வட்டாரத்திலும் தென் அரேபியாவிலும் ஆந்தையைப் பார்த்து ஆந்தை அடித்தார்கள். 1933இல் காபூலில் அகப்பட்ட புதையலில்கூட ஏதென்ஸ் ஆந்தைகள் இருந்தன. முகத்தை மாற்றினால் வெளியூரான் சந்தேகப்படுவான் என்பதால், சிற்பிகள் கண்ணைப் பக்கவாட்டில் சரியாகச் செதுக்கக் கற்றுக்கொண்ட பிறகும் பல்லாண்டு காலம் அதே பழைய நேர்க்கண்ணைத்தான் அச்சில் வெட்டினார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில்தான் அகலமான புது ஆந்தை வந்தது. சாடியின் மேல் நின்றது, சுற்றிலும் மாலை, கூடவே அதிகாரிகளின் பெயர்கள். அப்போதுகூட ஆந்தையைக் கைவிடவில்லை.

இப்போது உலகச் சந்தையில் ஆந்தைகள் ஏராளம். அடித்ததும் ஏராளம், புதைத்ததும் ஏராளம். ஏலப் பட்டியல்களைப் புரட்டினால், கொண்டையும் மூன்று எழுத்தும் முழுசாக விழுந்த நாணயத்துக்கு விலை எகிறும். வெட்டுப்பட்டது என்றால் படாரென்று இறங்கும். அழகு கெட்டுவிட்டது என்பது சேகரிப்பவர்களின் நியாயம். போலி ஆந்தை செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வார்ப்பில் ஊற்றி, விளிம்புத் தழும்பை அரத்தால் ராவி, பழசாக்கி விற்கிறார்கள். இரண்டு நாணயத்தை என் மேசையில் வைத்து எதற்குக் கடன் கொடுக்கலாம் என்று கேட்டால், பளபளப்பாக இருப்பதை மறுபடி எடை போடுவேன், விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பேன், இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டுவேன். வெட்டின் ஆழம் வரை வெள்ளியாகவே இருக்கிற மற்றதுக்கு முதலில் கையெழுத்துப் போடுவேன்.